ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு

"நல்லாப் பிடி தவமணி, ஆடுது" என்கிறார் மேலிருந்து. ஆடாமல் என்ன செய்யும், ஒரு கால் கட்டையான ஸ்டூல். அந்தக் கால் முறிந்தபோது நான் நாகஜோதியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன். தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவோம் என்று அப்போதே சொன்னேன். "ஒரு கால்தான போச்சு, மூணு கால் நல்லாத்தான இருக்கு" என்று சொன்ன மனுசன் இவர். இன்றைக்கு அந்த நாகஜோதிக்கே ஏழாம் மாசம். ஸ்டூல் அப்படியேதான் இருக்கிறது. ஒருத்தர் இறுக்கிப் பிடித்தால்தான் இன்னொருத்தர் ஏறி இறங்க முடியும், பிடிக்கிற அந்த ஒருத்தர் எப்போதும் நான்தான். பலகையின் இரண்டு ஓரத்தையும் இரண்டு கையால் அழுத்திக்கொண்டு நிற்கிறேன். தோள்பட்டை கடுக்கிறது. முகத்துக்கு நேராக அவருடைய கெண்டைக்கால், நரம்பு சுருண்டு சுருண்டு பச்சையாகத் தெரிகிறது. தலை பரணுக்குள் இருக்கிறது, கால் மட்டும் என்னிடம் இருக்கிறது. மேலிருந்து தூசி விழுகிறது, எலிப்புழுக்கை விழுகிறது, கரப்பான் சிறகு ஒன்று உதட்டில் வந்து ஒட்டுகிறது. துடைக்க ஒரு கையை எடுத்தால் ஸ்டூல் சாயும். எடுத்துத்தான் பாரேன் என்கிறது விரல். சும்மா கிட என்று விரலை அதட்டுகிறேன்.

நாளைக்கு வளைகாப்பு. திருமங்கலத்தில் மருமகன் வீட்டில் வளையல் அடுக்கி, சோறு கட்டிக்கொண்டு போய்ப் போட்டு, பிள்ளையைக் கையோடு மதுரைக்கு அழைத்து வர வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில். அதை யாரும் மாற்ற முடியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் சம்பந்தியம்மா வந்தாள். உட்கார இடமில்லாமல் நின்றபடியே காபியைக் குடித்தாள். "இங்கன எங்க புள்ளத்தாச்சியப் படுக்க வைப்பீக? பொறந்த பச்ச மண்ண அந்த ஓட்டை கிரைண்டர் மேலயா போடுவீக?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இவர் கூடச் சேர்ந்து சிரித்தார். "ஒழிச்சுரலாங்க, ஒரு மணி நேர வேல" என்றார். காலையில் நாகஜோதி போனில் அழுகிறாள். "அம்மா, ரூம போட்டோ எடுத்து சாயங்காலத்துக்குள்ள அனுப்பும்மா. அத்தை பாக்கணுமாம். காலியா இல்லாட்டி நாளைக்கு வளையலப் போட்டுட்டு உங்கம்மா அப்பா மட்டும் கெளம்பட்டும், நீ இங்கயே இருன்னுட்டாங்க. எனக்கு உங்கூட இருக்கணும்மா. ஆனா அந்தக் குப்பைக்குள்ள புள்ளயப் போட மாட்டேன்." எனக்குத் தாய்வீடு இல்லை. என் அம்மா நான் வயசுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டாள். வலி எடுத்த அன்றைக்கு இந்த வீட்டு அரிசி மூட்டைக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவில் கிடந்து அம்மா அம்மா என்று நான் கத்தினேன். கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இல்லை என்று தெரிந்தே கத்தினேன். என் பிள்ளை அப்படிக் கத்தக் கூடாது. அவள் அம்மா என்றால் நான் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கு அந்த அறை வேண்டும், இன்றைக்கே வேண்டும்.

அறையை ஒழிப்பது என்றால் இவருக்கு என்ன அர்த்தம்? அறையில் இருப்பதையெல்லாம் பரணில் ஏற்றுவது. பரண் கழுத்துவரை நிறைந்து கிடக்கிறது. அப்படியானால் முதலில் பரணில் இருப்பதை இறக்க வேண்டும். இறக்கி எங்கே வைப்பது? அறையில். அறையில் இடம் எங்கே? பரணில். மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் இதுவேதான் நடக்கிறது. ஒன்றை எடுப்பார், முந்தானையால் துடைக்கச் சொல்லி நீட்டுவார், திருப்பி வாங்குவார், அதைப் பற்றி ஒரு கதை சொல்வார், இருந்த இடத்திலேயே வைப்பார். "பத்திரமா மேல வச்சுட்டா வேணும்கிறப்ப எடுத்துக்கலாம்." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதைக் கேட்கிறேன். எப்போது வேண்டும்? எதை எடுத்தார்? தங்கச்சி கல்யாணத்து இனிப்பு டப்பா, மூடி இல்லாத கூஜா, கூஜா இல்லாத மூடி, யார் யார் பேரோ வெட்டிய எவர்சில்வர் தாம்பாளம், கழுவிக் காயவைத்த பால் கவர் மூட்டை, தேதி செத்துப்போன காலண்டர். காலண்டரைத் தொடவே முடியாது. "சாமி படத்தக் கிழிச்சுக் குப்பையில போடுவியா?" என்பார். அதனால் மீனாட்சியும் முருகனும் சுருட்டிக் கட்டப்பட்டு எலி மூத்திரத்தில் நனைந்துகொண்டு மேலே கிடக்கிறார்கள், அது பாவமில்லையாம். மில் ஸ்டோரில் வேலை பார்த்த மனுசன். ஒரு நட்டு குறைந்தாலும் மேனேஜர் எல்லாருக்கும் முன்னால் வைத்து வைவானாம். மில்லும் மூடியது, மேனேஜரும் செத்தான், அவன் போட்ட பயம் மட்டும் என் வீட்டில் குடியேறிவிட்டது. தெருவில் பழைய சாமான் வண்டிக்காரரின் குழாய் மைக் சத்தம் கேட்கிறது, பழைய இரும்பு, பழைய பேப்பர், பழைய பிளாஸ்டிக் என்று அதே குரல், அதே மெட்டு. சத்தம் மேற்கே போகிறது. சுற்றிவிட்டு இந்த வழியாகத்தான் திரும்புவார். அதற்குள் ஒன்றாவது கீழே வந்திருக்குமா? ஒரு மூடியாவது?

"இந்தா, இதக் கொஞ்சம் வாங்கு" என்கிறார். பலகைக்கு இடுப்பால் முட்டுக்கொடுத்துக்கொண்டு ஒரு கையை மட்டும் மேலே நீட்டுகிறேன். கையில் வந்து உட்காருகிறது அந்த மேஜை ஃபேன். என் உள்ளங்கைக்குத் தெரியும் இதை. இதன் பின்பக்கத்து இரும்பு விளிம்பு தெரியும். நாகஜோதி பள்ளிக்கூடம் சேர்ந்த வருசம், பீரோவை ஒட்டிக் கீழே பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். பீரோவுக்கு மேலே டப்பாவுக்கு மேல் டப்பா, அதற்கு மேல் ஓடாத இந்த ஃபேன். நான் அடுப்படியில் இருந்தேன். முதலில் டமார் என்று சத்தம், அப்புறம் சத்தமே இல்லை, அப்புறம்தான் பிள்ளை கத்தியது. ஓடி வந்து பார்க்கிறேன், முகமே தெரியவில்லை, ரத்தம், பாயெல்லாம் ரத்தம், ஒரு கண்ணைக் காணோம் என்றே நினைத்தேன். இவர் என்னைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைவிட முதலில் எழுந்து வந்தார். வந்து எதைத் தூக்கினார்? ஃபேனை. திருப்பிப் பார்த்து, "ரெக்க வளையல, நல்ல வேள" என்றார். அந்த நல்ல வேளை இன்னும் என் காதில் கிடக்கிறது. செருப்பில்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். புருவத்தில் தையல் போடும்போது நான்தான் தலையை அமுக்கிப் பிடித்தேன். அன்றைக்கு ராத்திரி அவர் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார், பொய் சொல்லக் கூடாது, அழுதார். மறுநாள் ஃபேனை நான் பழைய இரும்புக்குப் போட்டேன். மில்லிலிருந்து வந்தவர் கடைக்கு ஓடிப்போய் மீட்டுக்கொண்டு வந்தார். ஃபேனை வாசலில் மெதுவாக, அலுங்காமல் இறக்கி வைத்துவிட்டு, நிமிர்ந்து என்னை அறைந்தார். எதிர்வீட்டு வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தவள் கையில் நூல் அப்படியே நின்றது. காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இரண்டு நாள் இரைந்தது. ஃபேனை இறக்கி வைத்த பக்குவத்தில் பாதியை என் கன்னத்துக்குக் காட்டியிருக்கலாம். "தொடச்சுட்டியா? குடு, குடு. மோட்டாருக்கு ஒரு காயில் கட்டுனா ஓடிரும்" என்கிறார். திருப்பிக் கொடுக்கிறேன். மேலே போகிறது ஃபேன். நாகஜோதிக்குப் புருவத்தில் அந்த இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை.

ஒரு இழுப்பு போதும். பலகையை என் பக்கம் வெடுக்கென்று இழுத்தால் கால் வழுக்கும், கை பரண் விளிம்பைப் பிடிக்கும், விளிம்பில் இருப்பதோ ஒரு உடைந்த அம்மி. அம்மியோடு வருவார். பின்மண்டை கிரைண்டர் முனையில் படும். தேங்காய் உடைகிற சத்தம் கேட்கும், அது எப்படிக் கேட்கும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. அப்புறம் ஆள் ஓடிவரும், எதிர்வீட்டுக்காரி முதல் ஆளாக வருவாள். வந்து எங்கே நிற்பாள், நிற்க இடம் எங்கே இருக்கிறது? பிணத்தைக் கிடத்துவதற்கே இடம் ஒழிக்க வேண்டும். சிரிப்பு வருகிறது. பல்லைக் கடிக்கிறேன். தெருவில் பந்தல் போட்டுக் கிடத்துவார்கள். நான் மாரில் அடித்துக்கொண்டு அழுவேன், நிஜமாகவே அழுவேன், அதிலும் சந்தேகமில்லை. அழுதுகொண்டே எந்த மூட்டையை முதலில் போடலாம் என்று நினைப்பேன். நாகஜோதி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருவாள். வளைகாப்பு அன்றைக்கு அப்பன் பிணம். ஐயோ. உடம்பெல்லாம் வேர்க்கிறது. என்ன நினைப்பு இது, யார் நினைக்கிறது இதை, நானா? இரண்டு கையாலும் பலகையை இறுக்குகிறேன், விரல் நுனி வெளுக்கிற அளவுக்கு இறுக்குகிறேன். இறுக்கும்போதே கட்டைவிரல் கட்டைக்காலை அளந்து பார்க்கிறது. பக்கத்தில் ஒரு மூட்டை மேல் அரிவாள்மனை இருக்கிறது, பார்க்காதே. உரலுக்குள் பூண் போட்ட உலக்கை இருக்கிறது, பார்க்காதே. இந்த வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆளைக் கொல்ல ஏதாவது ஒன்று கிடக்கிறது, எல்லாம் இவர் பத்திரப்படுத்தி வைத்தது. என்றைக்காவது ஒரு நாள் என் கை என்னைக் கேட்காது, அந்த நாள் இதுவாக இருந்துவிடக் கூடாது, சாமி. சாமியும் மேலே எலி மூத்திரத்தில் கிடக்கிறது.

"தவமணி, இங்க பாரேன்" என்கிறார். குரல் மாறியிருக்கிறது. நிமிர்கிறேன். மார்போடு ஒரு துணி மூட்டையை அணைத்தபடி குனிந்து பார்க்கிறார். தலைமுடி, இமை, மீசை எல்லாம் தூசி. "என்னான்னு சொல்லு பாப்போம். என் பழைய வேட்டி பூராம். தொவச்சு, கஞ்சி இல்லாமக் காயப்போட்டு, நம்ம ஜோதி கல்யாணத்தன்னைக்கே எடுத்து வச்சேன். அவ புள்ளைக்கு." பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. நைந்து மெத்தென்று ஆன பழைய வேட்டியைக் கிழித்துத்தான் முதலில் சுற்ற வேண்டும். நாகஜோதியையும் இவர் வேட்டியில்தான் சுற்றினார்கள். கல்யாணப் பந்தலில் ஊரே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இந்த மனுசன் வீட்டுக்கு வந்து வேட்டி மடித்திருக்கிறார். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. கை தானாக ஸ்டூலை இன்னும் அழுத்துகிறது, இப்போது வேறு மாதிரி அழுத்துகிறது. விழுந்துவிடாதீர்கள் என்று அழுத்துகிறது. பரவாயில்லை, இந்த ஒரு மூட்டைக்காக மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம் போல இருக்கிறது. "கீழ குடுங்க, வெந்நியில ஒரு அலசு அலசி வைக்கிறேன்" என்கிறேன். என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. அவர் முடிச்சை அவிழ்க்கிறார். அவிழ்த்தவர் அப்படியே நின்றுவிடுகிறார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல" என்கிறார், தூங்குகிற பிள்ளை பக்கத்தில் பேசுகிற குரலில். "எலி குட்டி போட்டுருக்கு. நேத்தோ முந்தாநாளோ. கண்ணு கூடத் தெறக்கல." கொஞ்சம் சாய்த்துக் காட்டுகிறார். வேட்டி முழுவதையும் பொடிப்பொடியாகக் கடித்துக் குதறி, நடுவில் குழி பறித்து, அதில் செக்கச்செவேல் என்று தோலும் நரம்புமாக ஒன்றின் மேல் ஒன்று நெளிகிறது. "கீழ போடுங்க, நான் அள்ளிப் போடுறேன்" என்கிறேன். "சேச்சே, புள்ளத்தாச்சி உள்ள குடும்பம், பச்ச உசுரக் கொல்லலாமா? ஜோதிக்கு ஆகாது. ஒரு பத்து நாள் கெடக்கட்டும். கண்ணு முழிச்சா அதுகளா ஓடிரும். அதுக்கப்புறம் பரண ஒழிச்சுக்கலாம்." நான் மெதுவாகச் சொல்கிறேன், "நாளைக்குப் புள்ள வருதுங்க." "வரட்டுமே. இல்லாட்டி அங்கனயே கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறா. அதுவும் அவ வீடுதான? நாளைக்கு வளையலப் போட்டுவிட்டுட்டு வருவோம், அப்புறம் பாத்துக்கலாம்." அவ்வளவுதான். முடிந்தது. எலிக்குத் தலைப்பிரசவம் பார்க்க இந்த வீட்டில் இடம் இருக்கிறது. என் பேரனுக்கு வைத்திருந்த துணியை விரித்து, ஆகாது ஆகும் எல்லாம் பார்த்து, தூங்கும்போது குரலைத் தணித்து, எலிக்குச் செய்ய முடிகிறது. என் மகள் அங்கே எவள் முகத்தையோ பார்த்துக்கொண்டு அம்மா என்று கத்தட்டும். இப்போது இழுத்தால் என்ன? இழு. இப்போது இழுத்துவிடு. காதில் அந்த வண்டு இரைகிறது. ஸ்டூல் ஆடுகிறது, "ஏய், ஆட்டாத" என்கிறார். "இருந்த எடத்துலயே வச்சுர்றேன், ஆத்தாக்காரி தேடி வரும்ல" என்று சொல்லிக்கொண்டே ஒரு முழங்காலைப் பரண் மேல் ஊன்றுகிறார், உந்துகிறார், இன்னொரு காலும் மேலே போகிறது. முழு ஆளும் மூட்டைகளுக்கு மேலேயே உள்ளே தவழ்ந்து போகிறார். என் கைகளுக்குக் கீழே ஸ்டூல் திடீரென்று எடை இல்லாமல் இருக்கிறது.

பிடித்துக்கொண்டே நிற்கிறேன். மேலே யாரும் இல்லாத ஸ்டூலை எதற்குப் பிடித்திருக்கிறேன்? தெருவில் குழாய்ச் சத்தம் கிழக்கே திரும்புகிறது, பழைய இரும்பு, பழைய பேப்பர். ஸ்டூலைத் தூக்குகிறேன். இவ்வளவு லேசா இது? இதற்கா இத்தனை வருசம் தோளைக் கொடுத்தேன்? நடையில் கிடக்கிற மூட்டைகளை மிதித்துக்கொண்டு வாசலுக்குப் போகிறேன். தலைக்கு மேலே ஓங்கித் தெருவில் அடிக்கிறேன். நல்லாத்தான் இருந்த மூன்று காலும் மூன்று பக்கம் தெறிக்கின்றன. கட்டைக்கால் மட்டும் பலகையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதையும் மிதித்துப் பிய்க்கிறேன். வண்டியை நிறுத்திவிட்டு வண்டிக்காரர் பார்க்கிறார். "இது வெறகுக்குத்தான் ஆகும்க்கா" என்கிறார். "உள்ள வாங்க. இது சும்மா ஆரம்பம்" என்கிறேன். கிரைண்டரை நானும் அவரும் உருட்டுகிறோம். பேப்பர் கட்டு, சைக்கிள், டப்பா, தாம்பாளம், பால் கவர் மூட்டை. மூட்டையைக் கிழித்து உதைக்கிறேன். பீரோ மேல் இருப்பதைக் கழியால் ஒரே தள்ளாகத் தள்ளுகிறேன், டமார் என்று விழுகிறது, இந்தத் தடவை கீழே யாரும் தூங்கவில்லை. விழுகிற ஒவ்வொரு சத்தமும் எனக்கு இனிக்கிறது. "தவமணி! என்னாடி சத்தம் அங்க? ஸ்டூலு எங்கடி?" பரண் விளிம்பில் தலை தெரிகிறது. "யாருக்கா மேல?" என்கிறார் வண்டிக்காரர். "வீட்டுக்காரரு. சாமான் பாக்கப் போயிருக்காரு. நீங்க தூக்குங்க." "கீழ எறங்குனேன்னா கொன்னுருவேன்டி உன்ன!" "எறங்குங்க" என்கிறேன். இறங்க முடியாது அவரால். அந்த உயரத்திலிருந்து குதிக்க வயசு இல்லை. பிடிக்க ஆள் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் என் மேல் எறிவதற்கு அம்மியும் ஃபேனும் கூஜாவும் கிடக்கின்றன. ஒன்றையும் எறிய மாட்டார். எறிந்தால் நசுங்கிவிடும் அல்லவா? கெட்ட வார்த்தையை மட்டும் எறிகிறார், அதுதான் இடத்தை அடைக்காது.

வண்டி இரண்டு நடை போய்த் திரும்புகிறது. வண்டிக்காரர் ஏதோ கணக்குச் சொல்ல வாயெடுக்கிறார், ஒன்றும் வேண்டாம், போய்க்கொண்டே இருங்கள் என்று கையைக் காட்டுகிறேன். அறையில் தண்ணீரை ஊற்றித் தேய்க்கிறேன். முழங்கையில் எதிலோ கிழித்து ரத்தம் வடிகிறது, அது எப்போது என்று தெரியவில்லை. தரை சிவப்புச் சிமிண்டு. மறந்தே போயிருந்தேன், கல்யாணமாகி வந்த புதிதில் பார்த்த சிவப்பு. மேலே சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, இப்போது மூச்சு மட்டும் கேட்கிறது, அப்புறம் மெல்லிய கீச்சுக் கீச்சு. தாய் எலி வந்துவிட்டதோ என்னவோ. எனக்குப் பயமாகவும் இருக்கிறது. இறங்கிய பிறகு என்ன செய்வார் என்ற பயம், இறக்காமலே விட்டுவிடுவேனோ என்ற பயம், எது பெரிய பயம் என்று தெரியவில்லை. ஈரம் காயும் முன்பே போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அனுப்பிய மறுநொடி போன் அடிக்கிறது. நாகஜோதி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியவில்லை. "அம்மா! நெசமாவே நம்ம ரூமாம்மா அது? அத்தைகிட்டக் காட்டிட்டேன். நாளைக்கு உங்கூட வந்துருவேன்மா." "வா தாயி" என்கிறேன். "அப்பா எப்பிடிம்மா சம்மதிச்சாரு? அவரு எங்க, கூப்பிடு அவர." நிமிர்ந்து பார்க்கிறேன். பரணின் இருட்டில் இரண்டு கண் என்னையே பார்க்கிறது.

"மேல பத்திரமா வச்சிருக்கேன்டி" என்கிறேன். "வேணும்கிறப்ப எடுத்துக்கலாம்."